ஊன் விலையும் முயல் வேட்டையும்

திருக்குறளில் புலான் மறுத்தல் அதிகாரத்து ஆறாம் பா (256), ஊன் விற்பானையும் அதனை உண்ணும் உலகத்தையும் தொடர்புபடுத்திப் பேசுகின்றது. உண்ணுதற் பொருட்டு உலகம் கொல்லாதாயின் விலைக்கு ஊன் தருவார் இலர் என்பது அதன் கருத்து. 'கொல்லாது' என்பதற்குக் 'கொள்ளாது' என்றும் பாடம் உண்டு. அதன்படி, உலகம் வாங்காதாயின் விற்பார் இலர் என்பது பொருளாம். இவ்விரண்டனுள் சிறந்தது யாதென ஆராய்வார்க்கு, ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த முயலிறைச்சி வணிகம் நல்லதொரு சான்றாகும்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் கானவர் நாயும் வலையும் கொண்டு வளைக்கும் முயல், புதரடியிற் படுப்பது, வளை தோண்டாதது. ஈண்டுப் பேசப்படுவதோ, வளை தோண்டிக் கூட்டமாய் வாழும் ஐரோப்பிய முயல். தமிழில் இரண்டிற்கும் பெயர் ஒன்றே. 1859-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்துப் பண்ணையார் தாமசு ஆசுட்டின் என்பார், சுட்டு விளையாடுதற்கென இங்கிலாந்திலிருந்து இதனை வருவித்தார். அது பெருகி ஆட்டு மேய்ச்சல் நிலங்களைப் பாழ்படுத்தியது. செல்வர் விளையாட்டாகத் தொடங்கியது ஏழையர் பிழைப்பாக முடிந்தது. 1930-களின் வறுமைக் காலத்தில் பல குடும்பங்கள் முயலை உண்டும் விற்றும் உயிர் வாழ்ந்தன.

விற்பவனுடைய வேட்டை, உண்பவனுடைய வேட்டையினின்றும் வேறுபட்டது. ரவைத் துப்பாக்கியாற் சுட்டால் ஈயச் சிறுமணிகள் தசையெங்கும் பாயும். வாங்குவோன் பல்லில் அவை அகப்படும். ஆதலின் இறைச்சிக்குச் சுடுவோர் பாயிண்ட் 22 ரைபிளைக் கைக்கொண்டனர். அதன் குண்டு ஏறத்தாழ இரண்டரை கிராம் எடையினது. அதனைத் தலையிற் பாய்ச்சினால் உடற்றசையும் தோலும் பழுதுறா. வயிற்றிற் பட்டாலோ குடல் கிழிந்து இறைச்சி கெடும். பொறியில் அகப்பட்ட முயலின் தசையில் ஈயமே இராதாகலின், பொறி வைப்போரும் மிக்கிருந்தனர். குடல் நீக்கிய முயல்களை இரண்டிரண்டாகப் பின்னங்காலிற் கோத்துக் கோலில் தொங்கவிடுவர். உறைபதனம் செய்த முயல்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. தோல் தொப்பிக்குரிய கம்பளமாயிற்று. கருவியையும் குறி பார்க்கும் இடத்தையும் வேடன் தானே தேர்ந்திலன். வாங்குவோன் தேர்ந்தான் என்றல் மிகையாகாது.

இவ்வணிகத்தில் ஒரு முரண் இருந்தது. நிலக்கிழார்க்கு முயல் முற்றும் அழிதல் வேண்டும். விற்பார்க்கோ அடுத்த ஆண்டிற்கும் முயல் வேண்டும். சினை முயலையும் குட்டியையும் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றனர் என்று பொறி வைப்போர்மீது பழி சுமத்தப்பட்டது. அப்பழி முற்றும் பொய்யென்று தோன்றவில்லை. ஆயினும், பிழைக்க வேறு வழியில்லாதவனை நோக்கி, உன் பிழைப்பை நீயே வேரறுத்துக்கொள் என்பது எளிய சொல்லன்று.

நியூசிலாந்து அரசு இம்முரணைச் சட்டத்தால் தீர்க்க முற்பட்டது. 1947-இல் முயல் அழிப்புக்கென ஒரு மன்றம் நிறுவப்பட்டது. 1950-களில் முயலிறைச்சியும் தோலும் விற்றல் தடுக்கப்பட்டது. கொலையைக் குறைத்தற்கன்று, கொலையை நிறைவாக்குதற்கே விலை விலக்கப்பட்டது!

இது குறளின் கருத்தை மறுப்பதுபோல் தோன்றும். உற்று நோக்கின் அவ்வாறன்று. வாங்குவார் இல்லாவிடின் கொலையே நிகழாது என்று குறள் கூறிற்றில்லை; விலைப்பொருட்டு ஊன் தருவார் இரார் என்றே கூறிற்று. நியூசிலாந்தில் நிகழ்ந்ததும் அதுவே. வாங்குதல் நின்றதும் முயல் விற்பார் மறைந்தனர். கொல்லுந் தொழில் மட்டும் கூலியாட்களின் கைக்கு மாறியது. ஆண்டுக் கொல்லுதல் தொடர்ந்தது, கொள்ளுதலே நின்றது. ஆதலின் 'கொள்ளாது' என்னும் பாடமே இப்பாவின் காரண காரியத்திற்கு நேரிது என்பது என் துணிபு. அக்கூலியாட்கள் துப்பாக்கியோடு நஞ்சிட்ட கேரட்டுத் துண்டுகளையும் பயன்படுத்தினர். நஞ்சுண்டு மாண்ட முயல் எவர்க்கும் உணவாகாது புல்வெளியிலேயே கிடந்தது.