முள் ஏறாத ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஜீப்புகள் இந்த வழியாக இடுக்கி மலைக்குள் போகின்றன. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதியிலும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு இன்னும் வேலை உண்டு. சுமையோடு மெதுவாக மேடேறும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது, இன்ஜின் சூடேறும். அதை ஓட்டுநருக்குச் சொல்ல டேஷ்போர்டில் ஒரு முள்தான் இருக்கிறது.

முள்ளுக்குத் தகவல் தருவது, இன்ஜின் தண்ணீரில் முனை நனைய நிற்கும் சிறிய பித்தளைச் சென்சர். உள்ளே இருக்கும் தெர்மிஸ்டரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டார். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். வயர் அறுந்தால் மின்னோட்டமே கிடையாது; இன்ஜின் கொதித்தாலும் முள் அடியிலேயே கிடக்கும். தண்ணீர் வற்றி, சென்சர் வெறும் காற்றில் நின்றாலும் சூட்டைக் குறைத்தே காட்டும். அதனால், மேடேறியும் முள் அசையவில்லை என்றால் நிம்மதிப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது சுலபம். மீட்டருக்குப் போகும் ஒற்றை வயரைச் சென்சரிலிருந்து கழற்றி, சாவியைப் போட்டு, ஒரு நொடி இன்ஜின் பாடியில் தொடுங்கள். முள் துள்ளி ஏறினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, சென்சர்தான் போய்விட்டது.

மாற்றுவதில்தான் சிரமம். சில பழைய இன்ஜின்களில் சென்சர், சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் கை நுழையாத சந்தில் இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, துரு இளக எண்ணெய் விட்டு, நீள சாக்கெட்டால் கழற்ற வேண்டும். புதியதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகித் திருப்பினால், விரல் எட்டாத இடத்திலும் மரை கோணாமல் பிடிக்கும். டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சென்சருக்கு அந்த மரைதான் எர்த். அது தடைபட்டால் முள் மறுபடியும் குறைத்தே காட்டும்.

பிறகு தண்ணீர் நிரப்பி, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். மூடி தரும் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது.