தெர்மாகோலைச் செரிப்பது யார்?

பள்ளிக் கண்காட்சிக்கு எரிமலையோ சூரியக் குடும்பமோ செய்யத் தெர்மாகோலை அறுத்திருப்பீர்கள். கிரீச்சென்று காது கூசும். வெள்ளை மணிகள் சட்டையிலும் தலையிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த மணிகள் மண்ணில் விழுந்தால் எளிதில் மக்குவதில்லை. ஆனால் தெர்மாகோலையே தின்று ஒரு மாதம் உயிரோடு இருந்த புழு ஒன்று உண்டு.

அதன் பெயர் மாவுப்புழு. கருநிற வண்டு ஒன்றின் இளம்பருவம் அது. நம் வீட்டு ரவையில் ஊருமே சின்னச் சிவப்பு வண்டு, அதற்கு இந்த வண்டு பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன் யாங், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வெய்-மின் வூ ஆகியோரின் குழு 2015இல் இந்தப் புழுவைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 100 புழுக்கள் ஒரு நாளில் 34 முதல் 39 மில்லிகிராம் தெர்மாகோலைத் தின்றன. தவிடு தின்ற புழுக்களைப் போலவே இவையும் பிழைத்திருந்தன. தின்றதில் ஏறக்குறைய பாதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறியது. அப்படியானால் புழு கடித்துத் துப்பவில்லை, உண்மையாகவே செரித்திருக்கிறது!

செரித்தது புழுவா, அதன் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாவா? இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் ஜென்டாமைசின் என்ற மருந்தைப் புழுக்களுக்கு உணவோடு கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் ஒடுங்கின. அதன் பிறகு விழுங்கிய தெர்மாகோலைப் புழுக்களால் சிதைக்க முடியவில்லை. புழு அதே புழுதான், வாயும் வயிறும் அப்படியே இருக்கின்றன. குறைந்தது பாக்டீரியா மட்டும்தான். வேலைக்காரர் யார் என்று தெரிந்துவிட்டது, இல்லையா?

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். ஒரே மாதிரியான மூலக்கூறுகளை நீளமாகக் கோத்த மாலை போன்றது. அந்த மாலையை அறுக்கும் பாக்டீரியா ஒன்றைக் குடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது எக்சிகுவோபாக்டீரியம் என்ற வகையைச் சேர்ந்தது. தனியாக வளர்த்தபோது அது 60 நாளில் 7.4 சதவீதத்தை மட்டுமே சிதைத்தது. புழுவின் வயிற்றிலோ வேலை மிக வேகமாக நடக்கிறது. பல் போன பாட்டிக்கு வெற்றிலையை உரலில் இடித்துக் கொடுப்பீர்களே, அதுபோலப் பாக்டீரியாவுக்குப் புழு மென்று கொடுக்கிறது. கூடவே குடலில் வேறு பல நுண்ணுயிர்களும் இருக்கின்றன.

உடனே குப்பைமேட்டில் புழுக்களைக் கொட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு கிராம் என்பது 1,000 மில்லிகிராம். அதைத் தின்று முடிக்க 100 புழுக்களுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதனால்தான் விஞ்ஞானிகள் புழுவை விட்டுவிட்டு, பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகளைத் தேடுகிறார்கள். நொதி என்பதுதான் மாலையை அறுக்கும் கத்தரிக்கோல். அது கையில் கிடைத்தால் தொட்டிகளில் ஊற்றியே இந்த வேலையைச் செய்யலாம்.

சென்ற கண்காட்சிக்கு வாங்கிய தெர்மாகோல் வீட்டில் மிச்சம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 100 புழுக்களுக்கு அது எத்தனை நாள் சாப்பாடு என்று கணக்கு நோட்டில் போடுங்கள். அடுத்த எரிமலையைப் பழைய அட்டையிலும் செய்தித்தாளிலும் செய்யுங்கள்.