பாப்பாவுக்குத் துணி நாப்கினா? மழையில காயுமான்னு பாருங்க!

சென்னைக் கடைகளில் பூப்போட்ட துணி நாப்கினைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஐப்பசி அடைமழையில் தடித்த துணி லேசில் காயாது. ஈரத்தோடு கட்டினால் பிஞ்சுத் தொடை சிவந்து புண்ணாகும். ராத்திரி முழுக்க அழுகைதான்!

பாட்டிமார் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்தது கஞ்சத்தனத்தால் அல்ல. பலமுறை துவைத்த பருத்தி மிருது. ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். மடிப்பைப் பிரித்துக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும்.

புதுத் துணியா? கட்டுமுன் நாலைந்து தடவை அலசணும். வாசனைத் திரவத்தில் முக்கினால் போச்சு, துணி உறிஞ்சாது!

பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் 10 தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். 2 டஜனாவது கைவசம் வேணும். மழைக்காலத்தில் அதுவும் பத்தாது!