கடற்கரையை விற்காத நாடு

மதுரையும் கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் அதே நாட்களில், சான் ஹோசேயில் சாயங்காலம் ஆனால் மெல்லிய ஸ்வெட்டர் தேடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. மின்விசிறியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம் என்கிற இந்தத் தட்பவெப்பம்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வு பெற்றவர்களை முதலில் இழுக்கிறது.

பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிகூடத் தேறாத நாடு. ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் கரீபியன். விடியற்காலையில் ஒரு கரையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் மறு கரையில் கால் நனைத்துவிடலாம். நடுவில் அரேனால் எரிமலை, மொன்டேவெர்டேயின் மேகம் படிந்த காடு, கரீபியன் ஓரம் ஆமைகள் முட்டையிட வரும் டோர்டுகேரோ. காலை உணவு ‘காயோ பிந்தோ’: முதல் நாள் சோற்றையும் வேகவைத்த கறுப்பு பீன்ஸையும் வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லித் தழையோடு வதக்கி, கொஞ்சம் சாஸ் விட்டுக் கிளறியது. நமக்கு அது அந்நியமாகவே தெரியாது.

இவ்வளவுதான் என்றால் இது இன்னொரு அழகான வெப்பமண்டல நாடு, அவ்வளவே. என்னைக் கவர்ந்தது வேறு. சான் ஹோசேயின் தேசிய அருங்காட்சியகம் ஒரு காலத்தில் ராணுவ முகாம். அதன் கோபுரச் சுவர்களில் குண்டு துளைத்த வடுக்களை இன்றும் பார்க்கலாம். 1948 டிசம்பர் 1 அன்று, உள்நாட்டுப் போர் முடிந்த சில மாதங்களில், அதில் வென்ற ஹோசே ஃபிகேரஸ் சம்மட்டியால் அந்த முகாமின் சுவரை அடித்து, இனி ராணுவம் கிடையாது என்று அறிவித்தார். மறு ஆண்டு அரசியல் சட்டத்திலேயே அதை எழுதிவிட்டார்கள். போரில் வென்றவரே ராணுவத்தைக் கலைத்தது உலகில் எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது?

காடும் அப்படித்தான். மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டி வெட்டி, 1980-களில் காட்டுப் பரப்பு கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1996-ல் ஒரு சட்டம் வந்தது. தன் நிலத்தில் மரத்தை நிற்கவிடுகிறவருக்கு அரசு பணம் தரும். அதற்கான நிதியில் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வரும். இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு.

கடற்கரைக்கு 1977-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஓதக் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் எல்லோருக்கும் பொது. அடுத்த 150 மீட்டரை நகராட்சி குத்தகைக்குத் தரலாம், விற்க முடியாது. அந்தக் குத்தகையும் ஐந்து ஆண்டாவது அங்கே வசித்திராத வெளிநாட்டவருக்குக் கிடையாது. பழைய பட்டா உள்ள சில இடங்கள் இதற்கு விலக்கு. ‘கடலைத் தொட்ட மனை’ என்று யாராவது விளம்பரம் காட்டினால், அது பட்டா நிலமா, குத்தகையா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

உள்நாட்டுப் பகுதியில் பட்டா நிலம் வாங்க வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே உரிமை. தேசியப் பதிவகத்தில் சொத்தின் எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர், அடமானம், வில்லங்கம் எல்லாம் தெரிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். மனைக்குத் தண்ணீர் உண்டு என்று குடிநீர் வாரியமோ கிராமத்துக் குடிநீர்ச் சங்கமோ கடிதம் தராமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. பசிபிக் ஓரம் வறண்ட குவானகாஸ்தே பகுதியில் அந்தக் கடிதம் கிடைக்காமல் வெறுமனே கிடக்கிற மனைகள் உண்டு. பத்திரத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே அந்தத் தாளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஓய்வூதியர் விசாவுக்கு வாழ்நாள் ஓய்வூதியமாக மாதம் 1,000 டாலர் காட்டினால் போதும். குடியுரிமை அல்ல, குடியிருப்பு உரிமை. அது கிடைத்ததும் ‘காஹா’ என்று எல்லோரும் அழைக்கும் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்து சந்தா கட்டியாக வேண்டும். சிகிச்சை நல்லது, வரிசை நீளம். மலிவான நாடு என்று நினைத்துப் போகாதீர்கள். கார் விலையில் இறக்குமதி வரி ஏறி உட்கார்ந்திருக்கும். 2022-ல் ஒரு டாலருக்கு 700 கொலோன் அருகே கிடைத்தது. இரண்டே ஆண்டில் அது 500 பக்கம் இறங்கியது. டாலர் ஓய்வூதியத்தை நம்பி வந்தவர்கள் திணறிப்போனார்கள்.

வாங்குவதற்கு முன் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் பசிபிக் பக்கம் வாடகைக்கு இருந்து பாருங்கள். டிசம்பரில் பொன்னாய் மின்னிய மண்பாதை அப்போது சேறாகிக் கிடக்கும். வீட்டு முகவரியும் பழகும்: ‘தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே.’ நூறு மீட்டர் என்றால் ஒரு தெருத்தொகுதி. அளந்து பார்த்தால் ஒத்துவராது. தலைநகரை ஒட்டிய சான் பெத்ரோவில் பட்டுப்போன ஓர் அத்திமரத்தை வைத்து இன்னும் வழி சொல்கிறார்கள்.

வெளிநாட்டவரின் இந்த வரவால் உள்ளூர் மக்களுக்கு வலியும் உண்டு. தமரிந்தோ, நோசாரா போன்ற கடலோர ஊர்களில் விடுதியிலும் சமையலறையிலும் வேலை செய்பவர்களுக்கு அங்கேயே வாடகை கட்டுப்படியாகவில்லை. இதற்கு அந்த நாடு இன்னும் சரியான வழி காணவில்லை என்பதே என் எண்ணம்.

ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வந்தால் பாருங்கள். தலைநகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மரநிழலில் தார்ப்பாய் கட்டி, சோற்றுப் பானையை இறக்கிவைக்கிறார்கள். பின்னால் பல லட்சம் டாலர் மாளிகை. அதற்கு முன்னால் மணலில் ஒரு சின்ன சிமென்ட் எல்லைக்கல். பிள்ளைகள் அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் கடலுக்கு ஓடுகிறார்கள்.