ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற போன்: கிட்னிக்காகக் காத்திருக்கிற வீடுகளுக்கு

பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்க போட்டிருக்கேன்.

எங்க பெரியப்பா மணமேல்குடியில இருக்கார். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட இருந்து கிடைக்கிற கிட்னிக்குப் பதிவு பண்ணியிருக்கோம். போன வருஷம் ஒரு ராத்திரி அந்த போன் வந்துச்சு. அவர் மொபைல் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்தது. ரெண்டாவதா கொடுத்திருந்தது அண்ணன் நம்பர். அண்ணன் சிங்கப்பூர் போனப்ப அந்த சிம்மை விட்டுட்டாரு, ஆஸ்பத்திரியில யாரும் சொல்லி மாத்தல. அடுத்த செக்கப்புல கோஆர்டினேட்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். திரும்பி வர்ற வழி பூரா பெரியம்மா ஒரு வார்த்தை பேசல. வீட்டுல கம்ப்யூட்டர் படிச்சவன்னு பேர் எடுத்தவன் நான். அந்த நம்பரைச் சரி பார்க்க வேண்டியதும் நான்தான்.

வெயிட்டிங் லிஸ்ட்னதும் ரேஷன் கடை வரிசைன்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. முதல்ல ரத்த வகை பொருந்தணும். அப்புறம் எப்ப பதிவு பண்ணீங்க, எந்த ஆஸ்பத்திரியில பதிவு பண்ணீங்கன்னு பல விஷயம் பார்ப்பாங்க. தமிழ்நாட்டுல இதைக் கவனிக்கிறது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், 'டிரான்ஸ்டான்'. நோயாளி நேரா போய்ச் சேர முடியாது, அனுமதி உள்ள ஆஸ்பத்திரி வழியாத்தான் பதிவு. "காசு கொடுத்தா முன்னாடி தள்ளி விடறேன்"னு ஒருத்தர் வந்தா, அவர்கிட்ட பேச்சே வேண்டாம். 1994-ல வந்த சட்டப்படி உறுப்பை விக்கிறதும் வாங்கறதும் குற்றம்.

2008-ல விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச ஹிதேந்திரனோட உறுப்புகளை, டாக்டர்களான அவரோட அப்பா அம்மா தானம் பண்ணினாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம ஊர்ல இது வீட்டுக்கு வீடு பேச்சாச்சு. அந்த மாதிரி ஒரு குடும்பம் சரின்னு சொன்ன பிறகு நேரம் ஓட ஆரம்பிக்குது. வெளிய எடுத்த இதயம் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும். கிட்னி குளிர்ல ஒரு நாள் வரைக்கும் தாங்கும், ஆனா சீக்கிரம் வைக்கிறது நல்லது. போனை எடுக்காதவருக்காக யாரும் காத்திருக்க முடியாது.

சாஃப்ட்வேர் வேலையில 'ஆன்-கால்'னு ஒண்ணு இருக்கு. சர்வர் விழுந்தா நடு ராத்திரியிலும் எழுந்திரிக்கணும். ஒருத்தர் எடுக்கலன்னா அடுத்தவருக்குப் போகும். நாங்க இப்ப வீட்டுல அதையே பண்ணியிருக்கோம். கோஆர்டினேட்டர்கிட்ட நாலு நம்பர் கொடுத்திருக்கோம், அதுல ஒண்ணு பக்கத்து வீட்டுக்காரரோடது. ஒவ்வொரு மாசமும் முதல் தேதி நான் நாலு பேருக்கும் போன் அடிச்சுப் பார்ப்பேன். தெரியாத நம்பரா இருந்தாலும் எடுக்கணும்.

அடுத்தது வண்டி. மணமேல்குடியில இருந்து மதுரையோ திருச்சியோ, கார்லயே மூணு மணி நேரம் வச்சுக்கணும். அந்த நேரத்துல பஸ்ஸை நம்ப முடியாது. கார் வச்சிருக்கிற ரெண்டு பேர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சாச்சு. ஒரு பையில ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, கடைசி ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, கொஞ்சம் பணம். போன் வந்ததுமே கேட்க வேண்டியது: "இப்பலருந்து சாப்பிடலாமா, தண்ணி குடிக்கலாமா?" கடைசியா டயாலிசிஸ் எப்ப பண்ணினீங்க, காய்ச்சல் இருக்கான்னு அவங்க கேட்பாங்க, மறைக்காம சொல்லணும்.

இன்னொண்ணு. போன் வந்தா ஆபரேஷன் உறுதின்னு அர்த்தம் இல்ல. ஒரு கிட்னிக்கு ஒண்ணுக்கு மேல ஆளைக் கூப்பிடறது வழக்கம். 'கிராஸ்மேட்ச்' டெஸ்ட்ல உங்க ரத்தம் தானம் கொடுத்தவரோட செல்களை எதிர்த்தா, திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால காத்திருக்கிற காலத்துல ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி சிறுநீரக டாக்டரைக் கேட்கணும். வேறொருத்தர் ரத்தம் ஏற ஏற, எதிர்ப்பு அதிகமாக வாய்ப்பு இருக்கு. பல்லுல சொத்தை இருந்தா இப்பவே பார்த்துடுங்க. ஃபிஸ்டுலா போட்ட கையில பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடாதீங்க.

ஆபரேஷனுக்குப் பிறகு வேற கதை. புது கிட்னியை அடிவயித்துல வைப்பாங்க, பழசைப் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. டாக்ரோலிமஸ் மாதிரி மருந்தை அந்தக் கிட்னி இருக்கிற வரைக்கும் நேரம் தவறாம போடணும். அதோட அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கிற அன்னைக்கு, காலை மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டுப் போங்க, ரத்தம் எடுத்த பிறகுதான் போடணும். பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தோட அளவை ஏத்திடும், வேண்டாம். மூட்டு வலிக்குக் கடையில வாங்கற மாத்திரையும் நாட்டு மருந்தும் கேட்காம கூடாது. நண்டும் மீனும் நல்லா வெந்திருந்தா சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னப்பதான் பெரியப்பா முகத்துல சிரிப்பைப் பார்த்தேன்.

அவர் இன்னும் லிஸ்ட்லதான் இருக்கார். மொபைல் இப்ப தலைமாட்டுல, சார்ஜர்லயே கிடக்கு. உங்க வீட்டுல யாராவது காத்திருந்தா, இந்த எபிசோடை நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில எந்த நம்பர் கொடுத்திருக்கீங்கன்னு பாருங்க. மீதியை அப்புறம் கேட்டுக்கலாம்.