நன்றி மடலா, மனுவா?

பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் என்றதும் நமக்கு இரண்டு கடிதங்கள் நினைவுக்கு வரும். உணவு விடுதியில் தரமற்ற உணவு வழங்கியது குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதுவது ஒன்று. ‘மரம் இயற்கையின் வரம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வென்ற தோழனை வாழ்த்துவது இன்னொன்று. அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி என்று வரிசை மாறாமல் எழுதும் நம் மாணவர்கள், முடிவில் ‘நன்றி’ என்றும் ஒரு சொல்லை வைத்துவிடுவார்கள். எதற்கு நன்றி என்று கேட்டால் விழிப்பார்கள். புகார்தான் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே!

வேலைக்கான நேர்காணலுக்குச் சென்று வந்தபின் எழுதும் நன்றி மடலில் அந்தக் கடைசிச் சொல்தான் முழுப்பொருளும். அமெரிக்கா போன்ற நாடுகளில் நேர்காணல் முடிந்த மறுநாளுக்குள் இப்படி நான்கைந்து வரி எழுதுவது பரவலான வழக்கம். நம் ஊரில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறகு ஏன் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

பெருமுக்கல் பக்கம் வேலை கிடைக்கும் வழியைப் பாருங்கள். கல்குவாரி என்றாலும் மரக்காணத்து உப்பளம் என்றாலும் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். மேஸ்திரி கூப்பிட்டால் போக வேண்டும். நன்றியும் அதே வழியில் திரும்பிச் செல்லும். பொங்கலுக்கு வாழைத்தாரோ, பழத்தட்டோ. இந்த வீடுகளிலிருந்து படித்து வரும் பிள்ளைகள் இப்போது முன்பின் தெரியாத ஒருவர் முன் நாற்காலியில் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியபின், உயர்கல்வி, வேலை பற்றிய பேச்சு வகுப்பறைக்குள் வந்துவிட்டது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார்துறை முகாம்களுக்கு, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் பழைய மாணவர்கள் சான்றிதழ்க் கோப்புடன் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறுகிறார்கள். வீட்டில் அதுவரை யாருமே நேர்காணல் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாதிரி நேர்காணல் நடத்திவிட்டு, கேள்வி கேட்டவருக்கு நன்றி தெரிவித்து ஐந்து வரி எழுதுங்கள் என்றேன். வந்தவற்றில் பெரும்பாலானவை மனுக்கள். ‘எனது குடும்பச் சூழ்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து’, ‘தாங்கள் மனது வைத்தால்’, ‘என்றும் கடமைப்பட்டிருப்பேன்’. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து எழுதிச் செல்லும் நடை அது. பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுவது என்றாலே இரங்கிக் கேட்பது என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நேர்மாறாக, பின்வரிசையில் ஒருவன் வெள்ளைத்தாளையே நீட்டினான். “இது காக்கா பிடிக்கிறது சார், நான் எழுத மாட்டேன்” என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அன்றைய மீதிப் பாடவேளை முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

காக்கா பிடிப்பதற்கும் நன்றி சொல்வதற்கும் வேறுபாடு காட்ட எனக்குக் கைகொடுத்தது திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பு. செய்ந்நன்றி அறிதல். நன்றி என்றால் அங்கே நாம் வாயால் சொல்லும் சொல் இல்லை. பிறர் செய்த நன்மை. அந்த நன்மை இன்னது என்று அறிவதுதான் நம் வேலை. அப்படியானால் நேர்காணலில் எதிரே இருந்தவர் என்ன நன்மை செய்தார்? வேலையை இன்னும் தரவில்லை. ஆனால் பத்து நிமிடம் ஒதுக்கினார், ஏதோ ஒன்றை விளக்கினார், ஒரு கேள்வியால் நமக்குத் தெரியாததைத் தெரிய வைத்தார். அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் மடல் மெய்யாகும். தராத வேலைக்காக வாழ்நாள் கடன்பட்டவராகக் காட்டிக்கொண்டால் அது காக்கா பிடிப்பதுதான்.

பிறகு வகுப்பில் சேர்ந்தே ஒன்றை எழுதினோம். எந்திரப் பராமரிப்புப் பயிற்சியாளர் பணி என்று வைத்துக்கொண்டோம்.

‘ஐயா, நேற்று விழுப்புரம் முகாமில் பயிற்சியாளர் பணிக்காக என்னுடன் பேசியதற்கு நன்றி. பணிநேர முறைமாற்றம் வாரந்தோறும் எப்படி வரும் என்று நீங்கள் விளக்கியதால், வீட்டில் பேசித் தெளிவாக முடிவெடுக்க முடிந்தது. எனக்கு அது ஏற்புடையதே. திருகு அளவி பற்றிய கேள்விக்கு நான் பாதி விடைதான் சொன்னேன். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. மேலும் சான்றிதழ் ஏதும் தேவையெனில் அனுப்பி வைக்கிறேன்.’

கீழே பெயர், கைப்பேசி எண், எந்தப் பணிக்கான நேர்காணல் என்ற விவரம். அவ்வளவே. வறுமை இல்லை, கருணை இல்லை. திருகு அளவி வரியைப் பாருங்கள். விட்டுப்போன விடையை மறைக்காமல் முடித்து வைக்கிறது. எழுதுபவர் வீட்டுக்குப் போயும் யோசித்திருக்கிறார் என்று படிப்பவருக்குத் தெரியும். நேர்காணலில் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரிக்காகவே மடல் எழுதச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

மற்றவை சிறு செய்திகள். எழுந்து வருமுன் நேர்காணல் செய்தவரின் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள், வகுப்பிலேயே பழக்க வேண்டும். அன்று மாலையோ மறுநாளோ அனுப்பிவிட வேண்டும். எண்ணை அவரே கொடுத்தால் மட்டும் வாட்ஸ்அப். கும்பிடும் கை, ரோஜாப்பூ வேண்டாம். நேர்காணல் தமிழில் நடந்தால் மடலும் தமிழில் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடிகர் பெயரும் ‘மாஸ்’ என்ற சொல்லும் சேர்ந்த முகவரிகள் என் வகுப்பில் மட்டும் நான்கு இருந்தன.

மடல் எழுதினால் வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேர்வு அதை வைத்து நடப்பதில்லை. பதில் வராமலும் போகலாம்.

அரசுப் பணிக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற அமைப்புகளின் தேர்வில், முடிவெடுப்பவர்களைத் தனிப்பட்ட முறையில் அணுகுவது ஆதரவு தேடுவதாகக் கொள்ளப்பட்டு விண்ணப்பமே தள்ளுபடியாக இடமுண்டு. அங்கே நன்றியை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவதோடு சரி. ஒன்றிய அரசின் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே இல்லை என்பதால் அங்கு இந்தச் சிக்கல் எழாது.

வகுப்பில் செய்ய விரும்புவோருக்கு ஒரு வழி. மாதிரி நேர்காணல் முடிந்ததும் மடல்களை வாங்கி, பெயரை மடித்து மறைத்து, கேள்வி கேட்ட மாணவரிடமே கொடுங்கள். எது யார் எழுதியது என்று அவர் சொல்ல வேண்டும். முதல்முறை எங்கள் வகுப்பில் கேள்வி கேட்ட மாணவியால் ஏழில் ஒன்றைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றாம் முறை ஐந்து. வெள்ளைத்தாள் நீட்டியவனின் மடலை அவள் பிரித்த உடனே சொல்லிவிட்டாள். நேர்காணலில் அவள் கேட்ட ஒரு கேள்வி தவறு என்று மரியாதையாக எழுதி, காரணமும் காட்டியிருந்தான்.