கால் மணி நேர வானம்! தாம்பரத்திலிருந்து வால் நட்சத்திரம் தேடிப் போன அதிகாலைகள்

2024 செப்டம்பர் கடைசி வாரம். சென்னையின் தெற்குப் புறநகர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. 80,000 வருடங்களுக்கு ஒருமுறை வரும் வால் நட்சத்திரம் வந்திருக்கிறது, வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், காலை நாலரைக்கு எழுந்து கிழக்கே பாருங்கள் என்று. எழுந்தவர்கள் நிறைய பேர். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். மொட்டை மாடிக்குப் போய், எதிர் பில்டிங்கின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்கள்தான் அதிகம்.

இத்தனைக்கும் அந்தச் செய்தி பொய்யில்லை. சுச்சின்ஷான் - அட்லஸ் என்ற அந்த வால் நட்சத்திரம் நிஜமாகவே வந்திருந்தது. 2023 ஜனவரியில் சீனாவின் சுச்சின்ஷான் வானாய்வகமும், அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கியும் அதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. அதனால்தான் அந்த இரட்டைப் பெயர். 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில், சுமார் 5.9 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றி வந்தது. அதற்குள் அது உடைந்து சிதறிவிடும் என்று செக்கானினா என்ற மூத்த ஆய்வாளர் அந்த ஜூலையில் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருந்தார். அது உடையவில்லை. அந்த 80,000 வருடக் கணக்கை மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். அது தோராயம். இனி திரும்பியே வராமல் போகக்கூடிய பாதை என்றும் சொல்கிறார்கள்.

சரி, வந்தது ஏன் தெரியவில்லை?

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால் நட்சத்திரம், சூரியனுக்குக் கொஞ்சம் முன்னால்தான் உதிக்கும். அந்த வாரத்தில் நம் ஊரில் சூரிய உதயம் ஆறு மணிக்குச் சற்று முன்பு. வால் நட்சத்திரம் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்தது. உடனே தெரிந்துவிடாது. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது, அதன் ஒளி அடர்ந்த காற்றையும் ஈரப்பதத்தையும் கடந்து வர வேண்டும், பெரும்பகுதி வழியிலேயே காணாமல் போகும். மேலே ஏறட்டும் என்று காத்திருந்தால், கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் ஆட்டம். ஐந்து மணிக்கு முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம், அதிகம் போனால் 25 நிமிடம்.

அந்த நேரத்தில் அது எவ்வளவு உயரத்தில் இருந்தது? கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 மீட்டர் உயரத்தில் ஓர் அடுக்ககம் நிற்கிறது என்றால், அது உங்களிடமிருந்து 14 டிகிரி வானத்தைப் பறித்துக்கொள்கிறது. சேலையூரிலோ, ராஜகீழ்ப்பாக்கத்திலோ, மேடவாக்கத்திலோ 60 மீட்டருக்குள் அடுக்ககம் இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்க்கலாம்! போதாக்குறைக்கு, தாம்பரத்துக்குக் கிழக்கேதான் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கட்டடங்கள் விடிய விடிய விளக்கு எரித்துக்கொண்டு நிற்கின்றன.

கடல்தான் வழி

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. மும்பைக்காரர்களுக்கு மாலை வால் நட்சத்திரம் என்றால் சௌகரியம். அதிகாலையில் வருவதெல்லாம் நமக்கு. வங்காள விரிகுடாவின் மேல் கட்டடம் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. தாம்பரத்திலிருந்து போவதென்றால் இரண்டு வழி. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது ஒன்று. அது கிட்டம், ஆனால் அங்கே கடற்கரையிலும் வெளிச்சம் அதிகம். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் போவது இன்னொன்று. சுமார் 30 கிலோமீட்டர். நான்கு மணிக்கு அந்தச் சாலை காலியாக இருக்கும். என் ஓட்டு கோவளத்துக்குத்தான்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஏரிகள் இருக்கின்றன. மாடம்பாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்குப் பஞ்சமில்லை. உங்களுக்குக் கிழக்கே தண்ணீர் இருக்கிற மாதிரி கரையில் நில்லுங்கள். ஏரியின் அகலம் முழுவதும் உங்களுக்குத் திறந்த வானம். தனியாகப் போகாதீர்கள், டார்ச் இல்லாமல் போகாதீர்கள், பாம்பு வரும் நேரம். ரோந்து போலீஸார் நிறுத்தி விசாரித்தால் விஷயத்தைச் சொல்லுங்கள், அவர்களும் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள்.

நாங்கள் நான்கு பேர் இரண்டு பைக்கில் கோவளம் போனோம். முதல் நாள் கிழக்கே மேகம், கடலின் மேல் சுவர் கட்டியது போல. மறுமுறை போனது அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி விடுமுறை, அதோடு மகாளய அமாவாசை. நிலா இல்லாத வானம், வால் நட்சத்திரம் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. தர்ப்பணம் கொடுக்க வந்த குடும்பங்கள் இருட்டிலேயே மணலில் உட்கார்ந்திருந்தன. இந்த நேரத்தில் பைனாகுலரோடு என்ன வேலை என்று ஒரு வயதான அம்மா விசாரித்தார். வால் நட்சத்திரம் என்றதும் அவர் வீட்டுச் சின்னப் பையன் எங்களோடு ஒட்டிக்கொண்டான்.

தேடுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அந்த வாரம் கிழக்கு வானில் மகம் நட்சத்திரம் நன்றாக மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே, சற்று வலப்புறமாக, அடிவானத்துக்கு அருகே பைனாகுலரை மெதுவாக ஓட்ட வேண்டும். ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் மாட்டியது. யாரோ சாக்பீஸ் விரலால் கரும்பலகையைத் தொட்டுவிட்டு மேல்நோக்கி இழுத்தது போல ஒரு சின்னத் தீற்றல். இன்டர்நெட் படங்களில் பார்த்த நீண்ட, பளிச்சென்ற வால் இல்லை. பைனாகுலரில் இடம் பிடித்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தபோது, இருக்கிறது போலவும் இல்லாதது போலவும் தெரிந்தது. போனை மணலில் குத்தி வைத்து, நைட் மோடில் மூன்று விநாடி எடுத்த படத்தில் கண்ணைவிட நன்றாக விழுந்தது. பன்னிரண்டு நிமிடம்தான். பிறகு வானம் நீலமாகி விழுங்கிவிட்டது. பையன் முதலில் 'பார்த்துட்டேன்' என்று காட்டியது, கடல் மேல் போன ஒரு விமானத்தின் புகைக்கோடு. அவனைச் சொல்லி என்ன, அந்த வாரம் சமூக வலைதளங்களில் வந்த வால் நட்சத்திரப் படங்கள் சிலவும் விமானப் புகைதான்.

நுங்கம்பாக்கத்தில் ஒருவர் காத்திருந்தார்

இதே சென்னையில், இதே அதிகாலை நேரத்தில், இதைவிட அவசரமாக ஒருவர் வால் நட்சத்திரம் தேடியிருக்கிறார். 1872-ல்.

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கி வந்தது. 1861 முதல் அதன் பொறுப்பில் இருந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். 1872 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து அவருக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர். பியேலா வால் நட்சத்திரம் 27-ம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தின் தீட்டா நட்சத்திரத்துக்கு அருகே தேடவும் என்பதுதான் சாரம்.

பியேலா அப்போது வானியல் உலகின் பெரிய மர்மம். ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, 1846-ல் எல்லோர் கண் முன்பாகவும் இரண்டாகப் பிளந்தது. 1852-ல் இரட்டையாக வந்தது. அதன் பிறகு ஆளையே காணோம். திடீரென்று 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடக்கும் நேரத்தில், ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. அப்படியென்றால் பியேலா இப்போதுதான் பூமியை உரசிவிட்டுப் போயிருக்க வேண்டும், எரிகற்கள் வந்த திசைக்கு நேரெதிரே வானத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார் கிளிங்கர்ஃபூஸ். அந்தத் திசை தெற்கே ரொம்பக் கீழே. கோட்டிங்கனில் அந்த நட்சத்திரம் அடிவானத்தின் மேல் இரண்டு டிகிரிதான் எழும்பும். மெட்ராஸில் 40 டிகிரி வரை ஏறும். அதனால்தான் தந்தி இங்கே வந்தது.

டிசம்பர் தொடக்கம். மெட்ராஸில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. போக்சன் அதிகாலை நான்கு மணியிலிருந்து விடியும் வரை தொலைநோக்கியோடு காத்திருந்தார். முதல் நாள் மேகமும் மழையும். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள், ஐந்தேகால் மணி வாக்கில், மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வானம் திறந்தது. ஒரு வால் நட்சத்திரம் இருந்தது! வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டதால் நான்கு அளவீடுகள்தான் எடுக்க முடிந்தது. சில நிமிடங்களுக்குள் அது நகர்ந்திருந்ததால், நட்சத்திரம் இல்லை என்று உறுதியானது. மறுநாள் இன்னும் நன்றாகத் தெரிந்தது, மங்கலான குட்டி வால்கூட இருந்தது. அதற்கடுத்த நாள் மேகமும் மழையும் திரும்பி வந்துவிட்டன.

கதை அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட, குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்களின் நோக்குகள் வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டு விடியல்கள். உலகில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் கணக்குப் போட்டவர்கள் அது பியேலாவாக இருக்க முடியாது என்றார்கள். தேடியது ஒன்று, கிடைத்தது முற்றிலும் வேறொன்று. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பது இன்றைக்கும் தெரியாது. பட்டியல்களில் போக்சனின் பெயரோடு 'தொலைந்துபோனது' என்ற வகையில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு கால் மணி நேரம் மேகம் விலகியிருந்தால் விஷயமே வேறு.

அந்த வானாய்வகம் 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. கல்லூரிச் சாலையில் அதே வளாகத்தில் இன்று இருப்பது எது தெரியுமா? டிவியில் நாம் மழை அறிவிப்பு கேட்கும் மண்டல வானிலை ஆய்வு மையம்! பழைய வானாய்வகத்தின் கிரானைட் தூண் இன்னும் அங்கே நிற்கிறது.

போக்சனை நாம் தெரியாமலேயே தினமும் பயன்படுத்துகிறோம் என்பது இன்னொரு சுவாரஸ்யம். வாட்ஸ்அப் செய்தியில் 'ஒளி அளவு 2' என்று வந்ததல்லவா? எண் சிறியதாக இருந்தால் பிரகாசம் அதிகம், ஐந்து படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு என்கிற அந்த அளவுகோலை 1856-ல் வகுத்தவர் அவர்தான். துருவ நட்சத்திரத்தின் ஒளி அளவும் ஏறக்குறைய 2. ஆனால் துருவ நட்சத்திரத்தில் அந்த ஒளி ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. வால் நட்சத்திரத்தில் அதே ஒளி ஒரு திட்டாகப் பரவிக் கிடக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்பியவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

வானிலை மையம் மறுபடி வந்தது

அதிகாலையில் கோட்டைவிட்டவர்களுக்கு 2024-ல் இரண்டாவது வாய்ப்பும் இருந்தது. அக்டோபர் 12-ல் பூமிக்கு மிக அருகே, சுமார் 7 கோடி கிலோமீட்டரில் வந்த பிறகு, அது மாலையில் மேற்கு வானத்துக்கு இடம் மாறியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயரமாக, தூங்கி எழ வேண்டிய அவசியம்கூட இல்லாமல். வட இந்தியாவிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. நம் பக்கம்? அக்டோபர் 15 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பு வந்தது. 16-ம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வால் நட்சத்திரத்தை யார் நினைத்தார்கள்!

என் பாட்டி 1965-ல் பார்த்த வால் நட்சத்திரத்தைப் பற்றி இன்னமும் பேசுவார். அது இகேயா - செக்கி. அதுவும் விடியற்காலை விருந்தாளிதான், சந்தேகமே இல்லாமல் நீளமான வால். அதனால்தான் சண்டை வந்தது என்பது அவர் கட்சி. பாகிஸ்தானோடு போர் நிறுத்தம் செப்டம்பர் 23-ல். வால் நட்சத்திரம் வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது அக்டோபர் கடைசியில். தேதியைச் சொன்னால் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த பெரிய வால் நட்சத்திரம் எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தேதி தெரிந்த பிரபலம் ஹாலி மட்டும்தான், சூரியனை அது மறுபடி நெருங்குவது 2061 ஜூலை 28-ல். ஆனால் ஹாலி விட்டுச்சென்ற தூசி வருடத்துக்கு இரண்டு முறை பூமியின் வழியில் வருகிறது. அக்டோபர் 21-ஐ ஒட்டி ஒரு முறை. அதை நம் மழைக்காலம் பெரும்பாலும் மறைத்துவிடும். மே 5, 6 தேதிகளை ஒட்டி இன்னொரு முறை. அதிகாலை மூன்றரையிலிருந்து நாலே முக்கால் வரை கிழக்குப் பக்கம் வானத்தைப் பார்த்தால், எரிகற்கள் வேகமாகக் கோடு போட்டுப் போகும். இதற்கு அடிவானம் தேவையில்லை, பைனாகுலரும் வேண்டாம். கத்திரி தொடங்கும் நாட்கள் வேறு. புழுக்கத்தில் தூக்கம் வராமல் எப்படியும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குத்தான் போவோம்.